விமானத்தின் வாலில் ஒரு துணை இயந்திரம்

பயணிகள் ஏறி அமரும் வேளையில் விமானத்தின் பெரிய இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும். ஆனால் உள்ளே விளக்கு எரியும், குளிர்காற்று வீசும். பெரும்பாலும் இவற்றைத் தருவது வால் நுனியில் உள்ள சிறிய துணை இயந்திரமே. முன்பு தோட்டத்து லயங்களுக்கு விளக்குக் கொடுத்த ஜெனரேட்டரைப் போன்றது அது. பல விமானங்களில் பெரிய இயந்திரங்களை முடுக்கிவிடும் அழுத்தக் காற்றும் இதிலிருந்தே செல்கிறது.

இத்தகைய உதவியாள் அடிக்கடி பழுதாவது ஏன்?

முதலாவது, ஓயாமல் முடுக்குவதும் நிறுத்துவதும். ஒவ்வொரு முறையும் உலோகம் கொதித்து ஆறுகிறது. நாளடைவில் விரிசல் விடுகிறது. இரண்டாவது, தரையில் நின்றபடியே தூசியையும் புகையையும் இழுப்பது. மூன்றாவது, எண்ணெய் கசியாமல் காக்கும் அடைப்புகள் தேய்வது. அப்போது எண்ணெய் வாடை பயணிகள் அறைக்குள்ளும் வந்துவிடும்.

இன்னொன்று குளிர். 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்று பூஜ்யத்திற்குக் கீழே 50 பாகை அளவில் இருக்கும். பல மணி நேரம் அங்கே உறைந்து கிடந்த இயந்திரத்தை முடுக்குவது எளிதன்று. நடுக்கடலில் ஒரு பெரிய இயந்திரம் நின்றுபோனால் அப்போதுதான் அதன் உதவி வேண்டும். ஆகவே, இரண்டு இயந்திர விமானங்களை நெடுந்தூரம் கடல்மேல் செலுத்தும் நிறுவனங்கள், பறக்கும்போதே இதை முடுக்கிப் பார்த்துக் குறித்து வைக்கின்றன.

அதை முடுக்கும் பேட்டரியும் பழுதாகலாம். 2013 ஜனவரி 7-ஆம் நாள், பாஸ்டன் நிலையத்தில் நின்ற ஜப்பானிய போயிங் 787 விமானத்தில் அந்தப் பேட்டரியே தீப்பற்றியது. நல்லவேளை, பயணிகள் இறங்கிவிட்டிருந்தனர். சில நாளில் இன்னொரு 787 விமானத்தில் வேறொரு பேட்டரியும் புகைந்தது. அவ்வகை விமானங்கள் உலகெங்கும் மூன்று மாதங்களுக்கு மேல் பறக்கவில்லை.

அது கைகொடுத்த நாளும் உண்டு. 2009 ஜனவரி 15-இல், நியூயார்க்கில் பறவைகள் மோதி ஒரு விமானத்தின் இரண்டு இயந்திரங்களும் வலுவிழந்தன. தலைமை விமானி சல்லன்பர்கர் உடனே துணை இயந்திரத்தை முடுக்கினார். மின்சாரம் தடைப்படவில்லை. ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்திலிருந்த 155 பேரும் பிழைத்தனர்.

துணை இயந்திரம் பழுதானாலும், தரையிலுள்ள வண்டிகளின் உதவியால், விதிகள் இடம் தரும் சில நாட்கள்வரை விமானம் புறப்படலாம். "ஓடுகிறதே, பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடத் தூண்டுவதும் இதுவே. ஆபத்துக்கு உதவ வேண்டியதை ஆபத்து வருமுன் சோதிக்க வேண்டும். நம் வீட்டு டார்ச் விளக்குக்கும் இது பொருந்தும். இன்றிரவே ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள்.