அப்பாவின் நுரையீரலுக்கு என்ன மதிப்பு?

தோழர்களே, என் அப்பா கள்ளக்குறிச்சி அரிசி ஆலை ஒன்றில் பாய்லருக்கு உமி தள்ளியவர். ராத்திரியெல்லாம் இருமுவார், விடிந்ததும் வேலைக்குப் போவார். போகாத நாளுக்குக் கூலி இல்லை.

2019இல் காற்று மாசால் இந்தியா இழந்தது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.36 சதவீதம் என்று லான்செட் குழும இதழில் ஒரு கணக்கு வந்தது. நோயாலும் அகால மரணத்தாலும் நின்றுபோன உழைப்பின் பண மதிப்பு அது. தேவையான கணக்குதான், நானும் ஆய்வேட்டில் எடுத்தாள்கிறேன். ஆனால் இந்த மாதிரிக் கணக்கில் வருமானம் குறைந்தவர்களின் நுரையீரல் கெட்டால் இழப்பும் குறைவாகத்தான் தெரியும். அந்த வருமானத்தைக் குறைத்து வைத்தது எது? சாதிதானே!

கல்வராயன் மலையில் ஜாகீர் ஆட்சி முடிந்ததே 1976இல்தான். அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் நல்ல காற்றை விட்டுப் பிழைப்புக்காகக் கீழே இறங்குகிறார்கள். கள்ளக்குறிச்சியும் 2019இல் மாவட்டத் தலைநகராகிவிட்டது. ஆனால் தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி மட்டுமே.

எங்கள் ஊரையும் சேருங்கள். காற்றை அளக்கும் கருவியை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அல்ல, ஆலைக்குப் பக்கத்துக் காலனியில் வையுங்கள்.