அசையாத் தூண்டில்

மீன்பிடித்தல் என்றவுடன் மனக்கண்முன் தோன்றுவது பெரும்பாலும் இயக்கமே. வலை வீசப்படுகிறது, வள்ளம் விரைகிறது, தூண்டில் சுழற்றி எறியப்படுகிறது, துடிக்கும் மீன் கரைக்கு இழுக்கப்படுகிறது. ஆயினும் தமிழறிந்தோர் வேறொரு மீன்பிடிகாரனையும் அறிவர். கொக்கே அது. திருவள்ளுவர் காலமறிதல் என்னும் அதிகாரத்திலே அப்பறவையை உவமையாக எடுத்தாண்டார். காலம் வரும்வரை ஒடுங்கியிருத்தல், வந்தபோது தாமதியாது கொத்துதல் ஆகிய இரண்டும் ஒருங்கே அமைந்ததே அவர் காட்டிய பொறுமை. ஒன்றிருந்து மற்றையது இல்லையாயின் பயனில்லை.

இவ்விரண்டையும் ஒரு கலையாகவே பயின்று வருவோர் வட அமெரிக்காவின் ஏரிகளிலே இருக்கின்றனர். அவர்கள் நாடும் மீன் 'பாஸ்' எனப்படும் நன்னீர் மீன். அவர்கள் கையாளும் முறையை ஆங்கிலத்திலே 'டெட் ஸ்ரிக்கிங்' என்பர். உயிரற்ற குச்சியைப் போல இரையை நீருள் கிடக்கவிடுதல் என்பது அதன் கருத்து. தமிழிலே அதனை அசையாத் தூண்டில் எனலாம். எறிந்த இரையை இழுக்காமலும் ஆட்டாமலும் விட்டுவிட்டுக் காத்திருப்பதே அம்முறையின் சாரம். கேட்பதற்கு இது மிக எளிதாகத் தோன்றும். செய்து பார்ப்போர் பலருக்கு அதனினும் கடினமானது வேறில்லை.

முதலில் அம்மீனின் இயல்பை அறிதல் வேண்டும். பாஸ் மீன்களுட் பெருவாய் பாஸ் என்பதே மிகப் புகழ்பெற்றது. அதன் மேற்றாடை கண்ணையும் கடந்து பின்னே நீண்டிருக்கும். நீர்ப்பூண்டுகளின் ஓரத்திலும், நீருள் வீழ்ந்து கிடக்கும் மரங்களின் நிழலிலும், படகுத்துறைத் தூண்களின் அருகிலும் மறைந்து நின்று, அவ்வழியே வரும் சிறு மீனையோ நண்டினத்தையோ திடீரெனக் கவர்வது அதன் வழக்கம். கவரும் முறையும் விந்தையானது. அது வாயைச் சடுதியில் அகலத் திறக்கும்போது வாயினுள் நீரமுக்கம் குறைகிறது. சுற்றியுள்ள நீர் உள்ளே பாய்கிறது. அந்நீரோடு இரையும் உள்ளே செல்கிறது. உட்சென்றது உணவன்று என உணர்ந்தால், அதே வேகத்தில் வெளியே உமிழ்ந்துவிடும்.

இத்தகைய வேட்டை மீனைப் பிடிப்பதற்கு ஓடும் இரையே உகந்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மரத்தாலும் உலோகத்தாலும் செய்த போலி மீன்களை நீரில் எறிந்து, விரைந்து சுற்றி இழுப்பார்கள். அவை சுழலும், மின்னும், அதிரும். மீனின் இரு பக்கங்களிலும் நீளவாட்டில் அமைந்துள்ள பக்கக்கோடு என்னும் புலனுறுப்பு அவ்வதிர்வை உணரும். கோடைக் காலத்திலே, பசித்த மீன் அதனைத் துரத்திச் சென்று பற்றும். அவ்வேளையில் இழுப்பவனுக்கே வெற்றி.

ஆனால் குளிர்காலம் வந்தபின் நிலைமை மாறுகிறது. மீனின் உடல்வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையே பின்பற்றும். நீரின் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது பாஸ் மீனின் உடலியக்கம் மந்தமாகிறது. உண்டது செரிப்பதற்கு நெடுநேரம் செல்கிறது. ஆகவே அது அடிக்கடி உண்பதில்லை. தொலைவு ஓடித் துரத்துவதுமில்லை. செலவிடும் வலிமைக்கு ஈடான ஊதியம் கிடையாத வேட்டையில் அது இறங்குவதே இல்லை எனலாம். அந்நாட்களில் விரைந்தோடும் போலி மீன் அதன் முன்னால் நூறு முறை சென்றாலும் பயனில்லை. எதிரே அசையாது கிடக்கும் ஒரு சிறு கவளத்தை மட்டும், நெடுநேரம் நோக்கியிருந்துவிட்டு, மெல்ல நெருங்கி வாயில் எடுத்துக்கொள்ளும்.

இதற்கு இயற்கையே ஒரு சான்று காட்டுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதி நீர்த்தேக்கங்களில் 'திரெட்ஃபின் ஷாட்' என்னும் சிறு மீன் கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. கடுங்குளிரை அது தாங்காது. நீர் மிகக் குளிர்ந்துவிட்டால் அவை பெருந்தொகையாக மடியும். மடியும் மீன் ஓடாது. ஓரிருமுறை துடித்துவிட்டு, நீரிடையே செயலற்றுத் தொங்கி, மெல்லத் தாழ்ந்து செல்லும். பாஸ் மீனுக்கு அது தேடாது கிடைத்த உணவு. அசையாத் தூண்டிலைப் பயன்படுத்துவோர் இக்காட்சியையே தம் இரையினாற் போலி செய்கின்றனர்.

இக்கலை பரவுவதற்கு ஒரு பொருளின் வருகையும் துணைபுரிந்தது. மரத்தாலும் இரும்பாலும் ஆன போலி இரை அசையாது கிடந்தால் அது மரமும் இரும்புமே. அதனை உணவென்று மீன் மயங்குவது அரிது. 1949ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்து அக்றோன் நகரிலே நிக் கிறீம் என்பவர் மென்மையான பிளாஸ்ரிக்கினால் மண்புழுவின் வடிவத்தை வார்த்தெடுத்தார். தொட்டால் நெகிழும் அப்புழு, நீருள் இழுப்பாரின்றிக் கிடந்தபோதும் உயிருள்ளது போலத் தோன்றியது. பின்னர் 1990களில் கரி யமமோட்டோ என்பவரின் நிறுவனம் 'செங்கோ' என்னும் இரையை விற்பனைக்குக் கொணர்ந்தது. பார்வைக்கு அது ஒரு பேனையைப் போன்றது. காலுமில்லை, செதிளுமில்லை, கவர்ச்சியான உறுப்பெதுவும் இல்லை. ஆனால் உப்புச் செறிந்த அதன் உடல், தானே மெல்ல அமிழும்போது இரு முனைகளும் நுண்ணிதாக நடுங்கும். எறிந்தவன் செய்யவேண்டியது ஒன்றே, ஒன்றும் செய்யாதிருத்தல்.

உண்மையில், அசையாத இரை என்பது முற்றாக அசையாததன்று. காற்றினால் எழும் சிற்றலை தங்கூசியைத் தொடுகிறது. அடிநீரோட்டம் புழுவின் வாலைத் தடவிச் செல்கிறது. அண்மையிலே நீந்தும் மீனின் செட்டையசைவுகூட அதனைச் சிறிது ஆட்டுகிறது. மனிதக் கை தரும் அசைவிலே ஓர் ஒழுங்கும் அவசரமும் உண்டு. நீர் தரும் அசைவிலே அவை இல்லை. பலமுறை தூண்டிலைக் கண்டு பழகிய மீன், ஒழுங்கான ஓட்டத்தை ஐயுறக் கற்றுக்கொள்கிறது. நீரின் அசைவை அது ஐயுறுவதற்குக் காரணமில்லை.

இனி, செய்முறையைக் கூறுவோம். முதற்கண் இடத்தைத் தெரிதல் வேண்டும். மீனில்லாத நீரிலே எத்துணைப் பொறுமையோடு காத்திருந்தாலும் கிடைப்பது களைப்பேயாகும். ஆழங்குறைந்த தரை சடுதியாகச் சரியும் விளிம்பு, பூண்டுப் படுகையின் ஓரம், அமிழ்ந்த மரத்தின் கிளைகள் ஆகியவற்றைத் தேர்ந்த தூண்டிற்காரர் முன்னரே ஆராய்ந்து வைத்திருப்பர். அவ்விடத்திற்கு இரையை எறிந்து, தங்கூசியை இறுக்காது சிறிது தளர்த்திவிடுவர். இறுக்கினால் அமிழும் இரை தன் இயல்பான வழியை விட்டு அவர்களை நோக்கி இழுபடும். அது தரையை அடைந்தபின் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அதனினும் மிகுதியாகவோ காத்திருப்பர். பின்னர் கோலின் நுனியை ஒருமுறை மெல்ல உயர்த்தி, இரையைச் சாண் தூரம் நகர்த்தி, மீண்டும் காத்திருப்பர்.

இவ்வேளையில் கைக்கு வேலையில்லை. கண்ணுக்கே முழு வேலையும். தங்கூசி நீரைத் தொடும் அந்த ஒரு புள்ளியை விட்டுப் பார்வை அகலலாகாது. மீன் இரையை எடுக்கும்போது கோல் வளைவதில்லை. கையில் இழுப்பும் தெரிவதில்லை. தளர்ந்து கிடந்த தங்கூசி சிறிது துள்ளும், அல்லது காற்றுக்கு எதிராகப் பக்கவாட்டில் நகரும். சில வேளைகளில், இரை தரையை அடையுமுன்பே அது இறங்குவது நின்றுவிடும். அவ்வளவே அறிகுறி. அதைக் கண்டவன் தளர்வை விரைந்து சுற்றியெடுத்துக் கோலை உயர்த்துதல் வேண்டும்.

மனிதருக்கு இது கடினமாவது ஏன்? பத்து வினாடி கழிந்ததும் கை அரிக்கத் தொடங்குகிறது. இரை அங்கே இருக்கிறதோ, பாசியிற் புதைந்துவிட்டதோ, அடுத்த படகிலிருப்பவர் பிடித்துவிட்டாரோ என்று மனம் அலைகிறது. 1967ஆம் ஆண்டில் ஆர்க்கன்சா மாநிலத்து பீவர் ஏரியிலே றே ஸ்கொற் என்பவர் நடத்திய போட்டியைத் தொடர்ந்து, பாஸ் மீன்பிடித்தல் பெரும் பரிசுகளுக்குரிய போட்டி விளையாட்டாக வளர்ந்தது. குறித்த நேரத்துள் கூடிய நிறையைப் பிடிக்கவேண்டிய போட்டியிலே, மற்றவர்கள் பத்துமுறை எறியும் நேரத்தில் ஒருமுறை எறிந்துவிட்டு இருப்பதற்கு நெஞ்சுறுதி வேண்டும். சோம்பேறியும் பொறுமைசாலியும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒருவரைப்போலவே தோன்றுவர். அருகிற் சென்று கண்ணைப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும்.

அவ்வேறுபாடு வெறும் வெற்றிதோல்வியைப் பற்றியதாயின் இத்துணை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதில் ஓர் உயிரின் வாழ்வும் அடங்கியிருக்கிறது. ஓடும் இரையைப் பாய்ந்து பற்றும் மீனுக்குத் தூண்டில் முள் பெரும்பாலும் உதட்டிலோ தாடையிலோ தைக்கும். அசையாத இரையை அது ஆறுதலாக எடுக்கிறது. எதிர்ப்பு எதுவும் இல்லாமையால், மென்மையும் உப்புச்சுவையும் உள்ள அப்பொருளை விழுங்கியும் விடுகிறது. காத்திருப்பவன் கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தானாயின், அவன் விழித்துக் கோலைத் தூக்கும்போது முள் மீனின் தொண்டையைக் கடந்திருக்கும். செவுளுக்கும் இதயத்துக்கும் அண்மையான அவ்விடத்திலே ஏற்படும் காயத்தினால் மீன் இறக்கும் வாய்ப்பு மிகுதி.

பிடித்த மீனை உயிரோடு நீரில் விட்டுவிடும் வழக்கத்தை 1972ஆம் ஆண்டு முதல் றே ஸ்கொற் தம் போட்டிகளிலே வற்புறுத்தினார். இன்று பாஸ் மீன்பிடிப்போரிற் பெரும்பாலார் அதனைப் பேணுகின்றனர். பல மாநிலங்களில், குறித்த அளவுக்குச் சிறிய மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டுமென்பது சட்டம். முள்ளை விழுங்கிய சிறு மீன் சட்டப்படி விடப்படுகிறது. ஆனால் ஏரியின் அடியிலே இறந்து போகிறது. சட்டம் காக்கப்பட்டது, மீன் காக்கப்படவில்லை. ஆகவே, முள் ஆழத்திற் சென்றுவிட்டால் அதனைப் பிடுங்க முயலாது, தங்கூசியை வாயருகே நறுக்கிவிட்டு மீனை விடுவதே பெரும்பாலும் நல்லதென மீனியல் அறிஞர் கூறுவர். அந்நிலை ஏற்படாமலே தடுப்பது இன்னும் நல்லது. அதற்குரிய கருவி கடையிற் கிடைப்பதன்று. தங்கூசியை விட்டகலாத கண்ணே அக்கருவி.

இன்னுமொரு நிலை உண்டு. வசந்த காலத்திலே நீர் ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமடையும்போது, ஆண் பாஸ் ஆழங்குறைந்த கரையோரத்தில் வாலாற் குழி செய்து கூடமைக்கும். பெண் மீன் முட்டையிட்டு நீங்கிவிடும். தந்தையே காவல் நிற்கும். அக்கூட்டினுள் அசையாத இரையை விட்டால் அது வாயில் எடுக்கும். பசியினால் அன்று, தன் குஞ்சுகளின் இடத்திலே கிடக்கும் அந்நியப் பொருளை அகற்றும் பொருட்டு. அதனைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுசெல்லும் சிறு பொழுதிலேயே, சுற்றிக் காத்திருக்கும் சிறு மீன்கள் முட்டைகளை உண்ணத் தொடங்கும். இக்காரணத்தாற் சில மாநிலங்கள் அக்காலத்தில் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்துகின்றன. சட்டமில்லாத இடத்திலும், தாமாகவே விலகியிருக்கும் தூண்டிற்காரர் உளர்.

மென்பிளாஸ்ரிக் புழுக்களைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். கிழிந்ததும் ஏரியில் எறியப்படும் புழு மண்ணோடு மண்ணாவதில்லை. முள்ளில்லாமலே அது அசையாது கிடந்து மீனை ஏமாற்றிக்கொண்டிருக்கும். விழுங்கப்பட்ட புழு செரிக்காது, வயிற்றிலே தங்கிவிடும். தேய்ந்த இரையை ஒரு பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதும் இக்கலையின் ஒரு பகுதியாகக் கொள்ளப்படல் வேண்டும்.

நேயர்களே, காத்திருத்தலைப் புகழ்ந்து பேசுவோர் பலர். எதற்காக, எவ்வாறு காத்திருப்பது என்று கேட்போர் சிலரே. ஆராயாது காத்திருப்பவன் வெறும் நீரைக் காவல் செய்கிறான். கவனியாது காத்திருப்பவன் தன் அயர்வின் விலையைப் பிறிதோர் உயிரின்மேற் சுமத்துகிறான். இடமறிந்து, காலமறிந்து, பார்வை சிதறாது இருப்பவனே காத்திருத்தலுக்குத் தகுதியுடையவன். அவனுக்கு மீன் கிடைக்காத நாட்களும் உண்டு. குளிர்ந்த ஏரியின் விளிம்பிலே, அசையாத ஒரு தங்கூசியை அந்தி சாயும்வரை பார்த்திருந்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பும் அவன், அந்நீரைப் பற்றி முன்னறியாத ஏதோவொன்றை அறிந்துகொண்டே திரும்புகிறான்.