நரம்பு இணைப்பில் காலத்தின் விலை

தண்டுவடத்தினின்று கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளைப் புற நரம்புகள் என்பர். இவை அறுபட்டால் மீண்டும் வளரக் கூடியவை. அறுபட்ட இடத்திற்கு அப்பாலுள்ள பகுதி சிதைந்துவிட, மேல் முனையிலிருந்து புதிய இழைகள் முளைக்கின்றன. அச்சிதைவைத் தவளையின் நாக்கு நரம்புகளில் ஆராய்ந்து 1850இல் விளக்கியவர் அகஸ்டஸ் வாலர். ஆனால் வளர்ச்சியின் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான்.

கணக்கு எளிது. மோட்டார் சைக்கிள் விபத்தில் மேற்கை நரம்பு அறுந்த ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். விரல்களை இயக்கும் உள்ளங்கைத் தசைகள் அங்கிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பின், இழைகள் போய்ச் சேர 400 நாட்கள் ஆகும். நரம்புத் தொடர்பற்ற தசையோ ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்களில் மீளும் தன்மையை இழந்துவிடுகிறது. மேற்காயம் ஆறிவிட்டதென்று ஆறு மாதம் வாளாவிருந்தால் 400 நாட்கள் 580 ஆகிவிடும். இழை வந்து சேரும்போது ஏற்கும் நிலையில் தசை இராது.

முனைகள் விலகியிருந்தால் இழுத்துத் தைப்பது பயன் தராது. இழுவிசை இரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தழும்பை வளர்க்கும். இதை வலியுறுத்தி, இடைவெளியில் ஒட்டு நரம்பு வைக்கும் முறையை 1970களில் நிலைநாட்டியவர் வியன்னாவின் ஹானோ மில்லேசி. நோயாளியின் கெண்டைக்காலிலுள்ள சூரல் நரம்பே பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. இது விலையில்லாப் பொருளன்று. காலில் இன்னொரு காயம், பாதத்தின் வெளி விளிம்பில் மரப்பு, கூடுதல் அறுவை நேரம் ஆகியவையும் செலவில் சேர வேண்டியவையே.

இதற்கு மாற்றாகக் கொலாஜன், பாலிகிளைகாலிக் அமிலம் போன்றவற்றாலான குழாய்கள் வந்துள்ளன. அவை உடலுக்குள் நாளடைவில் கரைந்துவிடும். ஆயினும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியில் அவற்றை நம்புவதற்கில்லை. ஒட்டு நரம்பில் இழைகளைப் பேணும் ஷ்வான் செல்கள் உயிருடன் உள்ளன. வெற்றுக் குழாயில் அவை இல்லை. பிறர் தானமளித்த, செல் நீக்கப்பட்ட நரம்புகள் இன்னும் சற்று நீண்ட இடைவெளிக்கு உதவுகின்றன. தூரத்தையே குறைக்கும் வழியும் உண்டு: முழங்கையை மடக்கும் தசைக்கு அருகிலுள்ள மற்றொரு நரம்பின் ஒரு கற்றையைப் பிரித்து இணைக்கும் முறையை 1994இல் பிரான்சின் ஓபர்லின் குழுவினர் வெளியிட்டனர்.

புதிய குழாய்களை வாங்குவது பற்றி ஆராயும் திட்டக்காரர் முதலில் நாட்காட்டியைப் பார்ப்பது நலம். கத்தி, கண்ணாடி முதலியவற்றால் வெட்டுண்டு விரல் மரத்தவரைச் சில நாட்களிலேயே அறுவை மையத்திற்கு அனுப்ப வேண்டும். மூடிய காயமாயின் சுமார் மூன்று மாதம் கவனித்து, மீட்சி தோன்றாவிடில் ஆறு மாதத்திற்குள் அறுவை செய்ய வேண்டும். தோலைத் தைக்குமுன் விரல் உணர்வையும் அசைவையும் சோதித்து, காயமுற்ற தேதியுடன் சீட்டில் எழுதுவது எந்த வட்ட மருத்துவமனையிலும் இயலக் கூடியதே.