நடுங்கும் மண்ணில் நிமிர்ந்து நிற்க

(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



கல்விச் சங்க விழாவில் நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். என் தந்தையார் கட்டட வேலையில் சாந்துச் சட்டி சுமந்தவர். பிறருக்காக எத்தனையோ சுவர்கள் எழ உழைத்த அவருக்கு, ஒரு கட்டடம் ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது என்று சொல்லித் தந்தவர் எவருமில்லை. அக்குறை உங்கள் தலைமுறையில் தீரவேண்டும்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் நிலம் நடுங்கியது. 13,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. கீழ்த்தளத்தில் சுவரின்றித் தூண்களை மட்டும் நிறுத்தியிருந்தவை அவற்றுள் பல. தமிழகமும் இதற்கு விலக்கன்று. 1900இல் கோவைப் பகுதி அதிர்ந்தது.

நம் மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் நின்றபடி வந்திருப்பீர்கள். வண்டி ஒருபுறம் தள்ளினால் உடல் மறுபுறம் சாய்ந்து சமன் செய்துகொள்கிறது. கட்டடத்திற்கும் இந்த அறிவைத் தரலாம் என்று 1972இல் அமெரிக்கப் பொறியியல் அறிஞர் ஜேம்ஸ் யாவோ எடுத்துரைத்தார். 1989இல் டோக்கியோவின் கியோபாஷி பகுதியில் அது கைகூடியது. அக்கட்டடம் 11 மாடி, 33 மீட்டர் உயரம். அகலமோ 4 மீட்டர்தான். உணர்கருவிகள் அசைவை அளக்கின்றன; கணிப்பொறி கணக்கிடுகிறது; உச்சியில் உள்ள எடைகளை இயந்திரம் தள்ளுகிறது. அப்போது எழும் எதிர்விசை ஆட்டத்தைத் தணிக்கிறது.

ஆனால் இம்முறைக்கு மின்சாரம் வேண்டும். மேலும் இது பலத்த காற்றுக்கும் மிதமான நடுக்கத்துக்கும் அமைந்தது. பெருநடுக்கத்தில் கட்டடத்தின் சொந்த வலிமையே துணை. ஆகவேதான் பூஜில் மருத்துவமனையை மீண்டும் கட்டியபோது, மின்சாரம் வேண்டாத, ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகளின்மேல் எழுப்பினார்கள்.

கம்பி கட்டும் தம்பிகளே! தூணின் ரிங் கம்பி முனையை 90 பாகையில் விட்டுவிடாமல், 135 பாகைக்கு உள்நோக்கி வளையுங்கள். நடுக்கத்தில் அது அவிழாது. இதற்குக் கணிப்பொறி வேண்டாம். ஏன் என்று அறிந்த கை போதும்.

மாணவ மாணவியரே! சென்னைத் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில், செயற்கையாக அதிரும் மேடைமீது கட்டட மாதிரிகளை ஏற்றிச் சோதிக்கிறார்கள். அங்கே பணிபுரியக் கணிதமும் இயற்பியலும் வேண்டும். "உனக்குக் கணக்கு வராது" என்று நம் பிள்ளைகளிடம் சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன், என்னிடமும் சொன்னார்கள். நம்பாதீர்கள். சாந்து சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வரைபடம் வரையும் நாளை நான் காண வேண்டும்.