அடிநீர்த் தொட்டியில் செடிகளுக்கு உரமிடும் முறை



வயலுக்கு உரமிடுவது பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. இன்று நான் பேச வந்தது கொல்லைப்புறத்தில் வைக்கும் அடிநீர்த் தொட்டிகளைப் பற்றி. கோடையில் கிணறு வற்றும் காலத்தில் வீட்டுக்கு வேண்டிய நாலு தக்காளி, கத்தரி, மிளகாய்ச் செடிகளைக் காப்பாற்ற இந்தத் தொட்டிகள் பெரிதும் உதவுகின்றன. ஊற்றிய நீர் மண்ணுக்குள் ஓடி வீணாவதில்லை. தினமும் ஊற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் இவற்றில் உரமிடும் முறை வயலில் இடும் முறைக்கு நேர் எதிரானது. இதை அறியாமல் உரமிட்டால், குடத்தில் சுமந்து வந்து ஊற்றிய நீரும் வீண், செடியும் வீண்.

நான் செய்த தவறு

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் வீட்டில் ஆறு தொட்டிகளில் தக்காளி வைத்திருந்தேன். இரண்டு மாதம் நன்றாக வளர்ந்து பூத்தன. ஊருக்குப் போக வேண்டியிருந்ததால், ஒவ்வொரு தொட்டியின் நீர் அறையிலும் ஒரு மேசைக்கரண்டி யூரியாவைப் போட்டு, நீரை நிரப்பிவிட்டுப் போனேன். நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் இலை ஓரங்கள் எல்லாம் கருகியிருந்தன. பதறிப்போய், உரத்தைக் கழுவிவிடலாம் என்று மேலேயிருந்து ஒரு செம்பு நீர் ஊற்றினேன். அது இரண்டாவது தவறு. நான்கு செடிகள் செத்துப்போயின. உழவியல் படித்தவன் செய்யும் வேலையா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

கணக்குப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. ஒரு மேசைக்கரண்டி யூரியா சுமார் 11 கிராம் இருக்கும். யூரியாவில் தழைச்சத்து 46 சதம். ஆகவே 5 கிராம் தழைச்சத்தை ஒரே நாளில் கொடுத்திருக்கிறேன். மூன்று கிலோ காய்க்கும் ஒரு தக்காளிச் செடிக்கு அதன் வாழ்நாள் முழுவதற்கும் தேவைப்படும் தழைச்சத்தே சுமார் 8 கிராம்தான்.

தொட்டி வேலை செய்யும் விதம்

20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் 4 லிட்டர் நீர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, துளையிட்ட தட்டு ஒன்றைப் பொருத்த வேண்டும். இந்த அடிப்பகுதிதான் நீர் அறை. தட்டின் நடுவே, துளையிட்ட சிறு டப்பா ஒன்று நீருக்குள் இறங்கி நிற்கும்படி வைத்து, அதில் மண் கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். இதுவே திரி. நீர் ஊற்ற ஓரத்தில் ஒரு பி.வி.சி. குழாயைச் செருக வேண்டும். மிகுந்த நீர் வெளியேற, தட்டுக்குச் சற்றுக் கீழே வாளியின் பக்கத்தில் ஒரு வழிதுளை இட வேண்டும். வாளியின் அடியிலும் ஒரு துளையிட்டு, கழற்றக்கூடிய மூடியால் அடைத்து வையுங்கள்.

அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, இந்தத் திரியும் நீரை மேலே இழுக்கிறது. நீர் வேருக்கு வருகிறது. ஒரு பகுதி இலை வழியே போகிறது. மற்றொரு பகுதி மேல்மண்ணிலிருந்து ஆவியாகிறது. நீர் போய்விடும், நீரில் கரைந்திருந்த உப்பு போகாது, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். உப்பளத்தில் பாத்தி கட்டி நீரை வற்ற விடுகிறார்களே, அதே வேலைதான் உங்கள் தொட்டியின் மேற்பரப்பிலும் நடக்கிறது. சில வாரங்களில் அங்கே வெள்ளைப் பூப்பு தெரிவது இதனால்தான்.

வயலில் மழையும் பாசன நீரும் மேலிருந்து கீழே இறங்கி, மிகுதியான உப்பை வேருக்கு அப்பால் தள்ளிவிடுகின்றன. இங்கே நீர் கீழிருந்து மேலே ஏறுகிறது. உப்பு வெளியேற வழி இல்லை. அடிநீர்த் தொட்டியில் உரமிடும்போது நாம் கவனிக்க வேண்டிய எல்லாமே இந்த ஒரு செய்தியில் அடங்கிவிடும். மேலே படிந்த உப்பு அங்கேயே இருக்கும் வரை செடிக்கு அதிகக் கெடுதல் இல்லை. நான் செய்தது போல மேலிருந்து கொஞ்சம் நீர் ஊற்றினால், இரண்டு மாத உப்பும் கரைந்து ஒரே நேரத்தில் வேரில் இறங்கிவிடும்.

நீரில் வரும் உப்பு

உரத்தை விட உங்கள் நீரே அதிக உப்பைக் கொண்டு வரலாம். ஒரு தக்காளிச் செடி நான்கு மாதத்தில் ஏறத்தாழ 80 லிட்டர் நீரை எடுத்துக்கொள்ளும். நீர்ப் பரிசோதனை அறிக்கையில் மின் கடத்தும் திறன் 1 டெசிசைமன் என்று இருந்தால், லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு இருக்கிறது என்று பொருள். அப்படியானால் 80 லிட்டரில் 50 கிராம் உப்பு தொட்டிக்குள் வந்து சேரும். 2 டெசிசைமன் ஆனால் 100 கிராம். உரத்தில் உள்ள சத்தையாவது செடி உண்டு தீர்க்கும்; உவர் நீரில் வரும் சோடியத்தையும் குளோரைடையும் அது பெரும்பாலும் உண்பதில்லை.

ஆகவே தொட்டி வைப்பதற்கு முன் உங்கள் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. நீர் உவர்ப்பாக இருந்தால் மழை நீரைச் சேமித்துப் பயன்படுத்துங்கள். அல்லது இரண்டையும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள்.

மண் கலவையும் அடியுரமும்

வாளிக்கு 15 லிட்டர் கலவை தேவைப்படும். மக்கிய தென்னை நார்க்கழிவு 8 லிட்டர், செம்மண் 4 லிட்டர், மண்புழு உரம் 3 லிட்டர் என்ற அளவில் கலக்கலாம். களிமண்ணை மட்டும் இட்டால் காற்றோட்டம் இராது. பருமணலை மட்டும் இட்டால் நீர் மேலே ஏறாது. தென்னை நார்க்கழிவில் இயற்கையாகவே உப்பு உண்டு. அதை நல்ல நீரில் ஊறவைத்து, மூன்று முறை கழுவிப் பிழிந்த பின்பே கலக்க வேண்டும்.

இதனுடன் சூப்பர் பாஸ்பேட் 10 கிராமும் ஜிப்சம் ஒரு மேசைக்கரண்டியும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூப்பர் பாஸ்பேட்டை நீர் அறையில் போடக் கூடாது. அது முழுவதும் கரையாது. அடியில் படிந்து திரியை அடைத்துவிடும்.

நட்டவுடன் ஒரே ஒரு முறை மேலிருந்து நீர் ஊற்றிக் கலவை முழுவதையும் நனைக்க வேண்டும். அப்போதுதான் திரி நீரை இழுக்கத் தொடங்கும். அதன்பின் குழாய் வழியே மட்டும் ஊற்றுங்கள். முதல் 15 நாட்களுக்கு வெறும் நீரே போதுமானது. மண்புழு உரத்தில் உள்ள சத்து அதுவரை தாங்கும்.

முதல் முறை: நீரில் கரைத்துக் கொடுத்தல்

நீரில் முழுவதும் கரையும் 19:19:19 உரம் இப்போது கடைகளில் கிடைக்கிறது. இதை மேலிருந்து ஊற்றும் தொட்டிகளுக்கு லிட்டருக்கு 1 கிராம் வரை கரைப்பது உண்டு. அடிநீர்த் தொட்டிக்கு அதில் பாதி, அதாவது லிட்டருக்கு அரை கிராம் போதும். தராசு இல்லாதவர்கள், தலை தட்டிய ஒரு தேக்கரண்டி உரத்தை 10 லிட்டர் நீரில் கரைத்தால் ஏறத்தாழ இந்த அளவு வந்துவிடும்.

இரண்டு முறை உர நீர், மூன்றாம் முறை வெறும் நீர் என்று மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும். பூக்கத் தொடங்கியதும், ஒரு முறை 19:19:19, மறுமுறை பொட்டாசியம் நைட்ரேட் எனப்படும் 13:0:45, அடுத்து வெறும் நீர் என்று கொடுக்கலாம். காய் பருக்கும் காலத்தில் சாம்பல் சத்துத் தேவை மிகுதியாக இருப்பதே இந்த மாற்றத்துக்குக் காரணம்.

இந்த அளவு போதுமா என்று நீங்கள் கேட்கலாம். 80 லிட்டர் நீரில் இவ்விதம் சுமார் 27 கிராம் உரம் செல்லும். அதிலிருந்து 4 முதல் 5 கிராம் தழைச்சத்து கிடைக்கும். மீதியை மண்புழு உரம் சிறிது சிறிதாகக் கொடுத்துவிடும். வீணாகி வெளியே போவது இல்லாததால் இந்த அளவே நிறைவான அளவாகும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதே அளவு பொருந்தும். கீரைக்கு இதில் பாதி போதும்.

இரண்டாம் முறை: மேலே பட்டையாக இடுதல்

அடிக்கடி கரைத்து ஊற்ற நேரம் இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை உண்டு. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துத் தக்காளி விவசாயி பிளேக் விசனன்ட் என்பவர் 1990-களில் பரவலாக்கிய எர்த் பாக்ஸ் என்னும் தொட்டியில் இம்முறையே கையாளப்படுகிறது. உரத்தை நீரில் கரைக்காமல் மேல்மண்ணில் ஒரு பட்டையாக இட்டு, மேலே பாலிதீன் தாளால் மூடிவிடுகிறார்கள். நீர் மேல்நோக்கியே வருவதால் உரம் கீழே இறங்கி வேரைச் சுடுவதில்லை. வேர்கள் வேண்டியபோது பட்டையின் ஓரத்துக்குச் சென்று சத்தை எடுத்துக்கொள்கின்றன.

நமது வாளித் தொட்டியில் செடியைச் சற்று ஒரு பக்கமாக நட்டு, எதிர்ப்பக்க ஓரத்தில், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, விரல்கடை ஆழத்தில் சிறு கோடு கிழித்து, 17:17:17 கலப்பு உரம் 40 கிராம் இட்டு மண்ணால் மூடுங்கள். அதன் மேல் பாலிதீன் தாளைக் கட்டாயம் கட்ட வேண்டும். மழை நேரே விழுந்தால் 40 கிராமும் வேருக்கு இறங்கிவிடும். இந்த முறையில் நீர் அறைக்கு வெறும் நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். இரண்டு முறைகளையும் சேர்த்துச் செய்யவே கூடாது.

உரத்தைக் கரைத்து ஊற்றுபவர்களும் மேல்மண்ணுக்கு மூடாக்கு இடுவது நல்லது. வைக்கோல், காய்ந்த இலை எதுவானாலும் சரி. மேலே ஆவியாவது குறைந்தால் உப்புப் படிவதும் குறையும், நீரும் மிச்சமாகும்.

நீர் அறையில் இடக் கூடாதவை

சாணக் கரைசல், பிண்ணாக்குக் கரைசல், பஞ்சகவ்யம் ஆகியவை நல்ல பொருள்கள்தான். ஆனால் அவற்றை நீர் அறையில் ஊற்றினால் தேங்கிய நீரில் புளித்து நாறும். நீரில் உள்ள காற்று குறைந்து வேர் அழுகும். இயற்கை உரங்களின் இடம் மண் கலவையே தவிர நீர் அறை அல்ல. யூரியாவையும் நீர் அறையில் போட வேண்டாம். அந்தப் பாடம் என்னோடு போகட்டும். கால்சியம் நைட்ரேட்டை 19:19:19 உரத்துடன் சேர்த்துக் கரைத்தால் பால் போலத் திரிந்து அடியில் படியும். எனவே இவ்விரண்டையும் ஒன்றாகக் கரைக்கக் கூடாது.

குழாயின் வாயையும் வழிதுளையையும் மெல்லிய வலைத்துணியால் கட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு இத்தகைய தேங்கிய நீரைத்தான் தேடி வருகிறது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் அலட்சியம் கூடாது.

அறிகுறிகளைப் படித்தல்

அடி இலைகள் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். இலை ஓரம் கருகினாலோ, மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினாலோ பசி என்று எண்ணி மேலும் உரம் இடாதீர்கள். அது உப்பு மிகுதியாகவோ, வேருக்குக் காற்று இல்லாததாகவோ இருக்கும். தக்காளியின் அடிப்புறம் கறுத்து அமுங்கினால், சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்று அறியலாம். நீர் அறை அடிக்கடி முழுவதும் காய்ந்துபோவதும் இதற்கு ஒரு காரணம்.

வெள்ளைப் பூப்பு தெரிந்தால், முதலில் மேல்மண்ணை இரண்டு விரல்கடை ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். பட்டையாக உரம் இட்டிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். அடித்துளையின் மூடியைக் கழற்றுங்கள். அதன்பின் மேலிருந்து தாராளமாக, வாளியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீரை ஊற்றி முழுவதும் வடிய விடுங்கள். கொஞ்சமாக ஊற்றினால் உப்பு வேரோடு நின்றுவிடும். வடியும் நீரையும் சுரண்டிய மண்ணையும் தென்னை மரத்தடியில் சேர்க்கலாம். தென்னை அதைத் தாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பயிர் முடிந்ததும் இதைச் செய்துவிட்டு, இரண்டு லிட்டர் புதிய மண்புழு உரம் சேர்த்தால் அதே கலவையில் மறுபயிர் வைக்கலாம்.

பெருமக்களே, அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் பெரியோர் சொன்னது இந்தத் தொட்டிக்கு மிகவும் பொருந்தும். உரத்தைப் பாதியாகக் குறையுங்கள். மூன்றாம் முறை வெறும் நீர் கொடுங்கள். மேல்மண்ணை மூடி வையுங்கள். பூப்பு தெரிந்தால் சுரண்டிவிட்டுக் கழுவுங்கள். நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டும் என்பதும் இல்லை. இரண்டே இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்றுக்கு நான் சொன்ன அளவில் உரம் கொடுத்து, மற்றொன்றுக்கு வெறும் நீர் ஊற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் செடி நன்றாகக் காய்க்கிறது, எதன் மேல் பூப்பு படிகிறது என்பதை உங்கள் கண்ணே சொல்லும். அந்த அனுபவத்தை எங்களுக்கும் எழுதுங்கள்.