மேலணையும் ஆற்றுப் படுகையும்: மாநாட்டுத் தலைமை உரை



முக்கொம்பு மேலணையின் வரலாற்றைப் பேசக் கூடியிருக்கிறோம். கல்லணையைப் பற்றி நம்மிடம் நூல்களும் உண்டு, பெருமிதமும் உண்டு. அதற்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தில் நிற்கிற மேலணையைப் பூங்காவுக்குப் போகும் வழியாகவே பலரும் அறிவார்கள். தஞ்சை வயலுக்கு எவ்வளவு தண்ணீர், கொள்ளிடம் வழியாகக் கடலுக்கு எவ்வளவு வெள்ளம் என்று 1836 முதல் பங்கு பிரித்துவந்தது அந்த இடம்தான்.

அணை எதற்கு வந்தது? கொள்ளிடம் நேராகவும் நல்ல சரிவோடும் ஓடுகிறது. காவிரிக்கு அந்தச் சரிவு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் ஏறிக்கொண்டே போனது, கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே வந்தது. தஞ்சையில் பாசனம் குறைந்தது, கிழக்கிந்தியக் கும்பெனிக்கு வரி வருமானமும் குறைந்தது. 1804இல் ஆற்றை ஆய்ந்த கேப்டன் கால்டுவெல் (நாம் நன்கறிந்த பாதிரியார் கால்டுவெல் வேறொருவர்) கல்லணையின் உயரத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டிய உயரத்துக்குப் பின்னால் மணலும் தேங்கியது. 1830 வாக்கில் பொறியாளர் ஆர்தர் காட்டன் கல்லணையில் மணல்போக்கிகள் அமைத்தார். அதுவும் போதவில்லை. அதன் பிறகே 1836இல் முக்கொம்பில் மேலணையும், வீராணம் ஏரிக்கும் கொள்ளிடக் கரை நிலங்களுக்கும் நீர் தரும் கீழணையும் எழுந்தன.

பள்ளிப் பாடம் இங்கே முடிந்துவிடுகிறது. வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த பத்தாண்டு. மேலணை கொள்ளிடத்தை மறித்ததும் தண்ணீர் காவிரிக்குள் திரும்பியது. திரும்பிய வேகத்தில் காவிரியின் படுகையை அரிக்கவும் தொடங்கியது. வறண்டுபோகும் என்று அஞ்சிய ஆறு இப்போது தேவைக்கு மேல் நீரை இழுத்தது. கரைகளுக்கு ஆபத்து வந்தது. எந்த ஆற்றைக் காப்பாற்ற அணை கட்டினார்களோ, அதே காவிரியின் தலைப்பிலும் குறுக்கே தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. ஷட்டர்களும் இன்றைய ரெகுலேட்டர் ஏற்பாடும் அதற்கும் பிற்காலத்தவை. இத்தனை திருத்தங்களையும் தாங்கி நின்ற கட்டுமானத்தை ஒரே மனிதர் ஒரே ஆண்டில் செய்து முடித்ததாகச் சொல்லும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். காட்டனின் பெருமை அதனால் குறையாது. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த மண்ணின் பழைய கட்டுமானத்திலிருந்து கற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தைப் பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கும் கொண்டு சென்றார்.

1934இல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளத்தின் கடுமை தணிந்தது. மேலிருந்து வரும் மணலும் குறைந்தது. பிறகு ஆற்றிலேயே மணல் அள்ளத் தொடங்கினோம்.

2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு, மேலணையில் தென் கொள்ளிடத்தின் 45 மதகுகளில் 9 மதகுகள் ஷட்டர்களோடு சரிந்தன. அந்த வெள்ளத்தில்தான் திருச்சியில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியும் இடிந்தது. வயதான கட்டடம், விழுந்தது என்று சிலர் சொன்னார்கள். இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. 180 ஆண்டு நின்றதற்குக் காரணம் இருந்தால், விழுந்ததற்கும் காரணம் இருக்க வேண்டும். அதைச் சுவரில் மட்டும் தேடாமல் சுவருக்குக் கீழேயும் தேட வேண்டும். அணைக்குக் கீழ்ப்புறம் படுகை தாழ்ந்தால், விழும் நீர் அடித்தளத்துக்கு அடியில் இருக்கும் மணலை மெல்ல உருவிக்கொண்டு போகும். மேலே நடப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ரூ.387.60 கோடி மதிப்பீட்டில் புதிய கதவணை எழுந்திருக்கிறது. அதுவும் மணலில்தான் நிற்கிறது.

ஆகவே ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இது. கட்டிய ஆண்டையும் கட்டியவர் பெயரையும் போதுமான அளவு எழுதிவிட்டோம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் படுகையின் மட்டம் காலந்தோறும் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று பழைய பொதுப்பணித்துறைக் கோப்புகளிலிருந்து திரட்டுங்கள். பராமரிப்புக்கு எந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்த ஆண்டு ஒதுக்கவில்லை என்று பாருங்கள். 2018இல் மணல்மூட்டையும் பாறையும் கொட்டி உடைப்பை அடைத்த தொழிலாளர்கள் இன்னும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதை எழுதி வையுங்கள்.

ஷட்டரை ஏற்றி இறக்கியே பணி ஓய்வு பெற்ற லஸ்கர்கள் சிலர் நம் அழைப்பை ஏற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். தண்ணீரின் நிறத்தையும் ஓசையையும் வைத்தே அணையின் உடல்நிலையை அறிந்தவர்கள். நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்குக் கடைசி அமர்வு ஒதுக்கியிருந்தது. தலைவர் என்ற உரிமையில் அதை முதல் அமர்வாக மாற்றுகிறேன். கட்டுரையாளர்கள் அவர்கள் சொல்வதைக் கேட்டபின் தங்கள் கட்டுரைகளை வாசிக்கட்டும். ஐயா, மேடைக்கு வாருங்கள்.