மிக்குரா தீவின் எலிகளும் ஸ்வீடன் நோயாளியும்



ஸ்வீடன் நாட்டில் ஒரு முதியவர். ஏற்கெனவே ரத்தப் புற்றுநோய் உள்ளவர். அவருக்குக் கடுங்காய்ச்சல். ரத்தத்தை எடுத்து, அதில் ஏதாவது கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். பிளட் கல்ச்சர் என்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் சொல்வார்களே, அதுதான். எதுவும் வளரவில்லை. வளராததால் கிருமியே இல்லை என்று ஆகிவிடாது. வளர்ப்புத் தட்டில் முளைக்கவே முளைக்காத பாக்டீரியாக்கள் நிறைய உண்டு. உண்ணிகள் சுமந்து வருகிறவற்றில் பல அந்த வகை.

பிறகு வேறு வழியில் தேடினார்கள். பாக்டீரியா எதுவானாலும் அதனிடம் கட்டாயம் இருக்கும் ஒரு மரபணு உண்டு. 16எஸ் என்று அதற்குப் பெயர். நீளம் சுமார் 1,500 எழுத்துகள். அதில் சில இடங்கள் எல்லா பாக்டீரியாக்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சில இடங்கள் இனத்துக்கு இனம் மாறும். மாறாத இடத்தைப் பிடித்துக்கொண்டு பிசிஆர் முறையில் ஏராளமாக நகலெடுத்து, மாறும் இடத்தை எழுத்தெழுத்தாகப் படித்தால், வந்திருப்பது யார் என்று சொல்லிவிடலாம்.

வழக்கமான பரிசோதனை, வீட்டு வாசலில் நின்று "முருகேசன் இருக்கிறாரா?" என்று கேட்பது. இல்லை என்று பதில் வந்தால் முருகேசன் இல்லை, அவ்வளவுதான். உள்ளே வேறு யார் இருக்கிறார் என்பது அந்தப் பதிலில் இல்லை. மரபணு வரிசையைப் படிப்பது, "உள்ளே யாரெல்லாம் இருக்கிறீர்கள்?" என்று கேட்பது.

ஸ்வீடனில் பதில் வந்தது. நியோஎர்லிக்கியா மிக்குரென்சிஸ். மிக்குரா என்பது ஜப்பானில், டோக்கியோவுக்குத் தெற்கே கடலில் கிடக்கும் ஒரு குட்டித் தீவு. அங்கே பிடித்த காட்டு எலிகளின் உடலில் இந்த பாக்டீரியாவைக் கண்டு, 2004ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். இது மனிதர்களுக்கு நோய் தரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. எலியின் உடம்பில் ஏதோ ஒரு கிருமி என்று ஒரு கட்டுரை எழுதி, அதன் மரபணு வரிசையை எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைத்தார்கள். 2010ல் ஸ்வீடன் நோயாளியைப் பற்றிய கட்டுரை வெளியானது. மனிதரில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதுதான்.

இப்படிப்பட்ட கதைகளில் புகழ் முழுவதும் கருவிக்கே போய்விடுகிறது. என் கணக்கில் பாதிப் புகழ் எலி பிடித்தவர்களுக்குச் சேர வேண்டும். கருவி எழுத்துகளைத்தான் படிக்கும். அந்த எழுத்துகள் யாருடையவை என்று சொல்ல, யாரோ எங்கோ முன்பே பதிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கிருமியை ஐரோப்பாவில் பரப்புவது, லைம் நோயைப் பரப்பும் அதே உண்ணி. கிருமி ரத்தக் குழாய்களின் உட்சுவரில் குடியேறுவதால், காய்ச்சலோடு காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்வதும் உண்டு. அதிகம் அவதிப்படுகிறவர்கள் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள். பழைய நோய்தான் கிளம்பிவிட்டது என்று நினைத்து, எதிர்ப்புச் சக்தியை மேலும் அடக்கும் மருந்தைக் கூட்டிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. உண்மையில் வேண்டியது டாக்சிசைக்கிளின் என்ற பழைய, மலிவான மாத்திரை. பெயர் தெரிந்தால் சிகிச்சை தலைகீழாக மாறுகிறது.

வைரஸ்களிடம் 16எஸ் போன்ற வசதி கிடையாது. எல்லா வைரஸ்களுக்கும் பொதுவான ஒரு மரபணு என்று எதுவும் இல்லை. அகப்பட்டதையெல்லாம் படித்துப் பார்ப்பதுதான் வழி.

2009ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இரண்டு பேர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இருவருமே பண்ணையில் வாழ்ந்தவர்கள். வெள்ளையணுக்களும் பிளேட்லெட்டும் இறங்கிக்கொண்டே போயின. அவர்களில் ஒருவரை இரண்டு வாரம், நாளுக்குச் சராசரியாக 20 உண்ணிகள் கடித்திருந்தன. எர்லிக்கியா என்ற உண்ணிக் கிருமியாக இருக்கும் என்று டாக்சிசைக்கிளின் கொடுத்தார்கள், கேட்கவில்லை. ரத்தம் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்குப் போனது. எர்லிக்கியாவை வளர்ப்பதற்காக வைத்திருந்த நாயின் செல்களில் அந்த ரத்தத்தை விட்டார்கள். செல்கள் சிதையத் தொடங்கின. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், பாக்டீரியா அல்ல, வைரஸ். மரபணு வரிசையைப் படித்தபோது, அதுவரை யாரும் அறியாத வைரஸ் என்று தெரிந்தது; சீனாவில் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த ஓர் உண்ணி வைரஸுக்கு நெருங்கிய உறவு. ஹார்ட்லேண்ட் வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

2014ல் பக்கத்து மாநிலமான கேன்சஸில் இன்னொருவர், 50 வயதைத் தாண்டிய ஆரோக்கியமான மனிதர், உண்ணி கடித்துக் காய்ச்சலில் விழுந்தார். 11ஆம் நாள் இறந்துபோனார். ஹார்ட்லேண்ட் ஆக இருக்குமோ என்று சோதித்தார்கள், அது இல்லை. ஆனால் ஆய்வகத்தில் வேறொரு வைரஸ் வளர்ந்து நின்றது. வரிசையைப் படித்துவிட்டு, இதற்குச் சொந்தம் யார் என்று தேடியபோது அகப்பட்ட நெருங்கிய உறவுகளில் ஒன்று தோரி வைரஸ். அது நம் குஜராத்தில் ஒட்டகங்களைக் கடிக்கும் உண்ணிகளில் எடுத்தது. அதைப் பற்றிய கட்டுரை வந்தது 1973ல்! ஒட்டகத்தின் மேல் உண்ணி பொறுக்குவதும் ஒரு வேலையா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். கேன்சஸ் வைரஸுக்கு, அந்த நோயாளி வாழ்ந்த கவுண்டியின் பெயரால் பர்பன் என்று பெயர். அதற்கும் ஹார்ட்லேண்டுக்கும் குறிவைத்த மருந்து இன்னும் கிடையாது.

அப்படியானால் காய்ச்சல் வந்த எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையையே செய்துவிடலாமே என்று தோன்றலாம். செலவு ஒரு தடை. அதைவிடப் பெரிய தடைகள் வேறு. ரத்தத்தில் இருக்கும் மரபுப்பொருளில் மிகப் பெரும்பகுதி நோயாளியுடையதே. கிருமியின் பங்கு துளியிலும் துளி. ஆய்வகத்தில் பயன்படுத்தும் ரசாயனத்திலேயே ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் துணுக்கு நோயாளியின் கணக்கில் ஏறிவிடுவதும் உண்டு. லைம் நோயில் இன்னொரு சிக்கல்: அந்தக் கிருமி ரத்தத்தில் அதிகம் தங்குவதில்லை, தோலுக்கும் மூட்டுக்கும் நரம்புக்கும் போய்விடும். ரத்தத்தை எவ்வளவு நுணுக்கமாகப் படித்தாலும் கிடைக்காமல் போகலாம். அதனால் அங்கே இன்றும், தோலில் படரும் சிவப்பு வளையத்தையும் ரத்தத்தின் எதிர்ப்புப் புரதங்களையும் வைத்துத்தான் முடிவு சொல்கிறார்கள்.

ரத்தம் எடுக்கும் நாளும் முக்கியம். 1957ல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம், க்யாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது தெரியவந்த குரங்குக் காய்ச்சலும் உண்ணியால் வருவதுதான். பந்திப்பூர் காட்டில் வேலைசெய்தவர்களையும் அது 2012 வாக்கில் தொட்டது. அதிலும் காய்ச்சலின் தொடக்க நாட்களில்தான் வைரஸின் மரபுப்பொருள் ரத்தத்தில் நன்றாகக் கிடைக்கும். நாள் போன பிறகு எதிர்ப்புப் புரதங்களைத்தான் தேட வேண்டும்.

நம் பக்கம் அடிக்கடி காதில் விழுவது ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது உண்ணி அல்ல, அதன் உறவான, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுயிரின் குஞ்சு. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு சில பேருக்கு இருக்கும். அக்குளிலோ தொடை இடுக்கிலோ ஒளிந்திருக்கும் அந்தப் பொருக்கிலிருந்து எடுக்கும் துணுக்கு, மரபணுப் பரிசோதனைக்கு ரத்தத்தைவிட நல்ல மாதிரி. அது வலிக்காது, அரிக்காது என்பதால் நோயாளியே கவனித்திருக்க மாட்டார். டாக்டர் தேடிப் பார்க்கும்போது கூச்சப்படாதீர்கள். காடு, தோட்டம், புதர் என்று எங்கே போய்வந்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். இதற்கும் அதே டாக்சிசைக்கிளின்தான். சந்தேகம் வலுவாக இருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்டர்கள் அன்றே தொடங்கிவிடுவார்கள்.